எந்த ஊர் லேவி நீங்கள்? ஓர் எபிரேயக் குடும்பப் பெயரைத் தேடிப் போகும் வழி

என் அப்பா பெயர் லேவி. காவேரிப்பட்டணம் பக்கம், தென்பெண்ணைக் கரையோரம் ஒரு சின்ன ஊரில் உபதேசியாராக இருந்தார். அவருடைய அப்பா, என் தாத்தா, யாக்கோபு. நான் 32 வருடம் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்துப் பள்ளிகளில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். பள்ளிக்கூடத்தில் என் பெயருக்கு முன்னால் ‘லே.’ என்று ஓர் எழுத்து நின்றது. அதற்கு மேல் அந்தப் பெயரைப் பற்றி நான் யோசித்ததில்லை.

2017-இல் மகளைப் பார்க்க நியூ ஜெர்சி போக வேண்டியிருந்தது. பாஸ்போர்ட் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தவர், குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டார். நம் பக்கத்தில் எல்லோருக்கும் அப்படித்தானே நடக்கிறது. அங்கே போன பிறகு நான் எல்லோருக்கும் மிஸ்டர் லேவி.

மகள் குடியிருந்த கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு பெரியவர் இருந்தார். தலையில் எப்போதும் சின்ன வட்டத் தொப்பி. என் பெயருக்கு வந்த பார்சல் ஒன்று தவறிப்போய் அவர் வீட்டுக்குப் போய்விட்டது. அதை எடுத்துக்கொண்டு மேலே வந்தவர், என் முகத்தையும் பார்சலில் இருந்த பெயரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “எந்த ஊர் லேவி நீங்கள்?” என்று கேட்டார். கிருஷ்ணகிரி என்றேன். அவர் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. “அங்கே யூதர்கள் இருந்தார்களா?” என்று அக்கறையோடு விசாரித்தார். அப்புறம் சொன்னார்: “என் குடும்பப் பெயர் சீகல். ஆனால் நானும் லேவிதான்.”

சீகல் எப்படி லேவி ஆக முடியும்? எனக்குப் புரியவில்லை. ஊருக்குத் திரும்பி, ஏறக்குறைய நான்கு வருடம் இதற்குள்ளேயே கிடந்தேன். இப்போது நம் மாவட்டத்துப் பிள்ளைகள் பலர் பெங்களூரிலும் வெளிநாட்டிலும் வேலை பார்க்கிறார்கள். பாஸ்போர்ட்டில் சாலமன், யாக்கோபு, பெஞ்சமின், லேவி என்று குடும்பப் பெயர் விழுந்தவர்கள் என்னிடம் வந்து கேட்கிறார்கள். அவர்களுக்காக, நான் போன வழியை இங்கே எழுதி வைக்கிறேன். லேவிதான் என் உதாரணம். கோஹென், கட்ஸ் என்று வேறு பெயரைத் தேடுபவர்களுக்கும் இதே வழி பெரும்பாலும் உதவும்.

முதல் கேள்வி: அது குடும்பப் பெயரா, ஆள் பெயரா?

இதை விட்டுவிட்டுத் தேடத் தொடங்கியதுதான் நான் செய்த முதல் தப்பு. ஒரு வருடம் போயிற்று.

லேவி என்ற சொல் ஒருவருடைய சொந்தப் பெயராகவும் வரும், தலைமுறை தலைமுறையாக இறங்கும் குடும்பப் பெயராகவும் வரும். இரண்டுக்கும் வேர் ஒன்று, பாதை வேறு. ஜீன்ஸ் துணியில் எல்லோருக்கும் தெரிந்த லீவைஸ் என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தொழிலைத் தொடங்கிய லீவை ஸ்ட்ராஸ் 1829-இல் ஜெர்மனியின் பவேரியாவில் பூட்டன்ஹைம் என்ற ஊரில் பிறந்தவர். பிறந்தபோது வைத்த பெயர் லோப். அமெரிக்கா போய் அதை லீவை என்று மாற்றிக்கொண்டார். குடும்பப் பெயர் ஸ்ட்ராஸ்தான். ஆக அந்த ஜீன்ஸில் இருப்பது ஆள் பெயர். 1963 முதல் 1969 வரை இஸ்ரேலின் பிரதமராக இருந்த லேவி எஷ்கோலுக்கும் லேவி ஆள் பெயரே. ஆனால் இத்தாலியில் டூரின் நகரத்து எழுத்தாளர் பிரீமோ லேவிக்கு அது குடும்பப் பெயர். அதே டூரினில் பிறந்து 1986-இல் நோபல் பரிசு வாங்கிய ரீட்டா லேவி-மொந்தால்சினி, அப்பா வழிப் பெயரான லேவியோடு அம்மா வழிப் பெயரான மொந்தால்சினியையும் சேர்த்துக்கொண்டவர்.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? அப்பாவின் ஆள் பெயர் நமக்கு முன்னெழுத்து ஆகிறது, பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் ஆகிறது, அடுத்த தலைமுறையில் மறைந்துவிடுகிறது. என் மகளின் பாஸ்போர்ட்டில் என் பெயர் இருக்கிறது, லேவி இல்லை. ஆகவே ஒரு தாளில் மூன்று தலைமுறைப் பெயர்களை எழுதிப் பாருங்கள். ஒரே சொல் மூன்றிலும் இறங்கி வந்தால் குடும்பப் பெயர். ஒன்றில் மட்டும் நின்றால் ஆள் பெயர். இந்த ஒரு வேலைக்கு அரைமணி நேரம் போதும், பல மாதங்களை மிச்சப்படுத்தும்.

அர்த்தத்தோடு நின்றுவிடாதீர்கள்

பெயர் தேடுகிறவர்கள் எல்லோரும் முதலில் அர்த்தத்துக்குத்தான் ஓடுகிறார்கள். லேவிக்கு அர்த்தம் அழகானது. ஆதியாகமம் 29-ஆம் அதிகாரத்தில் யாக்கோபின் மனைவி லேயாள், கணவனின் அன்பு கிடைக்காதவள், மூன்றாவது மகனைப் பெறுகிறாள். மூன்று பிள்ளைகளைப் பெற்றுக் கொடுத்துவிட்டேன், இனியாவது அவர் என்னோடு சேர்ந்திருப்பார் என்று சொல்லி அந்தப் பிள்ளைக்கு லேவி என்று பெயர் வைக்கிறாள். எபிரேயத்தில் சேருதல், இணைதல் என்ற வினையின் ஒலி அந்தப் பெயரில் கேட்கிறது.

ஆனால் இது ஓர் ஆளுக்கு ஏன் அந்தப் பெயர் வந்தது என்பதை மட்டுமே சொல்கிறது. லித்துவேனியாவிலும் மொராக்கோவிலும் வாழ்ந்த எத்தனையோ பேருக்கு ஏன் அது குடும்பப் பெயர் ஆயிற்று என்று சொல்லாது. அதற்கு அந்தப் பெயர் எப்போது ஒரு வேலையின் பெயராக மாறியது என்று பார்க்க வேண்டும்.

லேவியின் சந்ததி கெர்சோன், கோகாத், மெராரி என்று மூன்று வம்சம். மற்றக் கோத்திரங்களைப் போல இவர்களுக்குத் தனி நாடு பிரித்துக் கொடுக்கப்படவில்லை. 48 ஊர்களில் பரவி வாழ்ந்தார்கள் என்கிறது வேதாகமம். கோவில் வேலைதான் அவர்கள் பங்கு: பாடுவது, வாசல் காப்பது, பணிமுட்டுகளைச் சுமப்பது. இதே கோத்திரத்துக்குள் ஆரோனின் வழியில் வந்தவர்கள் மட்டும் ஆசாரியர்கள், எபிரேயத்தில் கோஹென். அதனால்தான் கோஹென், லேவி என்று இரண்டு பெயர்கள் எப்போதும் ஜோடியாகவே வரும். இன்றைக்கு இஸ்ரேலில் மிக அதிகமான பேருக்கு இருக்கும் குடும்பப் பெயர் கோஹென், அதற்கு அடுத்தது லேவி.

பொ.ஆ. 70-இல் ரோமானியர்கள் எருசலேம் கோவிலை இடித்தார்கள். கோவில் போயிற்று, வேலையும் போயிற்று. பெயர் ஏன் போகவில்லை?

இந்த இடம் எனக்கு நம்ம ஊரை வைத்துத்தான் விளங்கியது. எங்கள் ஊரில் ‘மணியக்காரர் வீடு’ என்று ஒரு வீடு உண்டு, ‘கர்ணம் வீடு’ என்று ஒன்று உண்டு. பரம்பரையாக வந்த அந்தப் பதவிகளை அரசு 1980-இல் ஒழித்துவிட்டது. கிராம நிர்வாக அலுவலர் வந்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்றைக்கும் அந்த வீட்டுப் பேரன் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகிறான், ஊர் அவனை “மணியக்காரர் வீட்டுப் பையன்” என்றுதான் சொல்கிறது. திருவிழாவில் முதல் மரியாதையில் அந்த வீட்டுக்கு ஓர் இடம் இருக்கிறது. அந்த மரியாதை இருக்கிற வரைக்கும் பெயரும் இருக்கும்.

லேவியர்களுக்கும் அப்படிச் சில மரியாதைகள் மிஞ்சின. யூதர்களின் ஜெப ஆலயத்தில் தோராவை, அதாவது மோசேயின் ஐந்து ஆகமங்களை, வாசிக்க முதலில் கோஹென் ஒருவரை அழைப்பார்கள், இரண்டாவதாக லேவி ஒருவரை. கோஹென்கள் எழுந்து ஆசீர்வாதம் சொல்வதற்கு முன் அவர்கள் கைகளில் லேவி தண்ணீர் ஊற்றுவார். இதற்காகவே ஒவ்வொரு ஊரிலும் யார் லேவி என்று தெரிந்து வைத்திருக்க வேண்டியிருந்தது. அப்பாவிடமிருந்து மகனுக்கு அது இறங்கியது. பெயருக்குப் பின்னால் ‘ஹலேவி’, அதாவது ‘லேவியன்’ என்று பட்டமாகச் சேர்த்து எழுதினார்கள். குடும்பப் பெயர் என்ற வழக்கம் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே இந்தப் பட்டம் இருந்தது.

அதனால் இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் தாலுகாவில் மணியக்காரர் வீடுகள் எத்தனையோ. அவர்கள் எல்லோரும் பங்காளிகள் இல்லை. லேவி என்ற பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டு குடும்பம் உறவு என்று எழுதிவிடாதீர்கள்.

பட்டம் எப்போது குடும்பப் பெயர் ஆனது? சட்டத்தின் ஆண்டைப் பிடியுங்கள்

எனக்கு மிக உதவியாக இருந்தது இந்தக் கட்டம்தான். யூதர்களின் குடும்பப் பெயர்கள் பல நாடுகளில் அரசு உத்தரவால் நிலைத்தவை. உங்களுக்கு வேண்டிய குடும்பம் எந்த அரசின் கீழ் இருந்தது என்று தெரிந்தால், எந்த ஆண்டுக்குப் பிறகு அந்தப் பெயரைப் பதிவேட்டில் தேட வேண்டும் என்று தெரிந்துவிடும்.

ஆஸ்திரியப் பேரரசில் இரண்டாம் ஜோசப் 1787-இல் உத்தரவு போட்டார், 1788 ஜனவரி முதல் யூதர்கள் நிரந்தரக் குடும்பப் பெயர் வைத்திருக்க வேண்டும் என்று. இன்று போலந்திலும் உக்ரைனிலும் பிரிந்து கிடக்கும் கலீசியாவும் இதில் அடக்கம். ரஷ்யப் பேரரசில் 1804. பிரான்சில் நெப்போலியனின் ஆணை 1808. பிரஷ்யாவில் 1812. போலந்து இராச்சியத்தில் 1821. இந்த ஆண்டுகளுக்கு முந்தைய பதிவுகளில் ‘இன்னாரின் மகன் இன்னார்’ என்றுதான் இருக்கும், நம் பழைய பத்திரங்களைப் போல.

ஸ்பெயின் வழி யூதர்கள் கதை வேறு. அங்கே குடும்பப் பெயர் மிக முன்பே வந்துவிட்டது. எபிரேயக் கவிஞர் யூதா ஹலேவி 1141-இல் இறந்தவர். 14-ஆம் நூற்றாண்டில் காஸ்தீல் அரசரின் பொருளாளராக இருந்த சாமுவேல் ஹலேவி டொலேடோவில் கட்டிய ஜெப ஆலயம் இன்றும் நிற்கிறது. 1492-இல் ஸ்பெயின் யூதர்களை வெளியேற்றியது. அவர்கள் மொராக்கோ, இத்தாலி, ஒட்டோமான் பேரரசின் சலோனிகா, இஸ்தான்புல், இஸ்மீர் என்று சிதறிப் போனார்கள். அவர்களோடு ஹலேவி, லேவி என்ற பெயர்களும் மத்தியதரைக் கடலைச் சுற்றி வந்தன. அதனால் மொராக்கோ லேவியும் போலந்து லேவியும் சந்திக்கும் இடம் ஒரு பட்டம்தானே தவிர ஒரு பாட்டனார் அல்ல.

எழுத்தை விடுங்கள், ஒலியைப் பிடியுங்கள்

எபிரேயத்தில் இந்தப் பெயருக்கு லாமேத், வாவ், யோத் என்று மூன்றே எழுத்து. அதை ஜெர்மானியர் ஒரு விதமாக எழுதினார்கள், போலந்துக்காரர் வேறு விதமாக, பிரெஞ்சுக்காரர் இன்னொரு விதமாக. லேவி, லெவி, லீவை, லெவீ என்று உச்சரிப்பும் மாறியது. ரஷ்யப் பக்கம் வால் சேர்ந்து லெவின், லெவின்ஸ்கி, லெவின்சன், லெவித்தான் என்றெல்லாம் ஆயிற்று. நம்ம ஊரில் கிருஷ்ணப்பா, கிட்டப்பா, கிட்டண்ணா எல்லாம் ஒரே ஆளாக இருக்கலாம் அல்லவா? தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசும் ஓசூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

இதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது. 1985-இல் ராண்டி டைட்ச், கேரி மோகோடோஃப் என்ற இருவர் கிழக்கு ஐரோப்பிய யூதப் பெயர்களுக்கு ஒலிக் குறியீடு ஒன்றை வகுத்தார்கள். ஒவ்வொரு மெய்யொலிக்கும் ஓர் எண். நடுவில் வரும் உயிரொலிகளுக்கு எண் கிடையாது. ஆறு இலக்கம் வரும்வரை பூஜ்யம் போட்டு நிரப்ப வேண்டும். எல் என்ற எழுத்துக்கு 8, வி-க்கும் டபிள்யூ-வுக்கும் 7, என்-க்கு 6. ஆக லேவியை எந்த நாட்டுக்காரர் எப்படி எழுதினாலும் 870000. லெவின் என்றால் 876000. ஜூயிஷ்ஜென் போன்ற யூத வம்சாவளித் தளங்களில் பெயரைத் தட்டியபின் ‘ஒலி ஒப்புமை’ என்ற தேர்வை எடுத்தால் அதுவே இந்தக் கணக்கைப் போட்டுக்கொள்ளும். சரியான எழுத்துக்கூட்டலை மட்டும் தேடினால் பாதிப் பேர் கைக்கு வரமாட்டார்கள்.

தமிழில் தேடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ‘லெவி’ என்று குறிலில் தட்டினால் ‘லெவி’ என்ற கட்டாய நெல் கொள்முதல் பற்றிய பழைய செய்திகளாக வந்து கொட்டும். ஆங்கிலத்திலும் வரி விதிப்பு என்று பொருள் தரும் சொல் இப்பெயரோடு எழுத்தில் மோதுகிறது. கூடவே ஓர் ஊர்ப் பெயரையோ தொழிலையோ சேர்த்துத் தட்டுங்கள்.

ஒளிந்திருப்பவையும் ஏமாற்றுபவையும்

பெரியவர் சீகலின் புதிர் இங்கேதான் அவிழ்ந்தது. சீகல், செகல் என்பது ஒரு சுருக்கெழுத்து. எபிரேயத்தில் ‘செகன் லேவியா’, ஏறக்குறைய ‘லேவியத் துணைவர்’ என்று பொருள்படும் பட்டத்தின் எழுத்துகளைச் சேர்த்தால் செகல். கட்ஸ் என்ற பெயரும் அப்படியே, ‘கோஹென் ட்செதெக்’, நீதியின் ஆசாரியன் என்பதன் சுருக்கம். இதை அறிந்த அன்று இரவு மகளுக்கு போன் போட்டு, பெரியவரிடம் சொல்லச் சொன்னேன். அவருக்கு அது பிறந்ததிலிருந்து தெரியும், ஆனாலும் சந்தோஷப்பட்டாராம்.

ஊர்ப் பெயருக்குள் ஒளிந்தவர்களும் உண்டு. ஹொரோவிட்ஸ் என்பது பிராக் நகருக்குப் பக்கத்து ஹோர்ஷோவிட்சே என்ற ஊரிலிருந்து வந்த லேவியக் குடும்பம். எப்ஸ்டைன், ஜெர்மனியில் ஹெஸ்ஸே பகுதியின் எப்ஸ்டைன் ஊரிலிருந்து வந்த லேவியக் குடும்பம். ஆக லேவியர் பலருக்கு லேவி என்ற குடும்பப் பெயரே இருக்காது.

மறுபக்கம், லேவி மாதிரி ஒலிப்பதெல்லாம் லேவி ஆகாது. பிரான்சில் லெவிஸ் என்ற கிறிஸ்தவப் பிரபுக் குடும்பம் இருந்தது. கனடாவில் கியூபெக் நகருக்கு எதிர்க்கரையில் இருக்கும் லெவி நகரம் அந்தக் குடும்பத்துத் தளபதி ஒருவர் பெயரைத் தாங்கியது. லெவின் என்பதும் சில இடங்களில் சிங்கம் என்று பொருள்படும் ‘லோவே’, ‘லோப்’ வழியாக வந்திருக்கலாம். இன்னொரு பக்கம், இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் லேவிகள் சிலர் லூயிஸ் என்று மாற்றிக்கொண்டார்கள். ஓர் ஊரில் ஒரு பெயர் எதிலிருந்து வந்தது என்று ஒலியை வைத்து மட்டும் முடிவு கட்ட முடியாது. அலெக்சாண்டர் பைடர் என்ற ஆய்வாளர் ரஷ்யப் பேரரசு, போலந்து, கலீசியா என்று பகுதி பகுதியாகப் பெயர்களைத் தொகுத்து, ஒவ்வொன்றும் எந்த மாவட்டத்தில் இருந்தது என்று காட்டியிருக்கிறார். அந்த அகராதிகள் கிடைத்தால் உங்கள் யூகத்தை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இந்த நேரத்தில்தான் இணையத்தில் ஒரு வியாபாரி என்னிடம் ‘லேவி குடும்பச் சின்னம்’ என்று சட்டம் போட்ட படம் ஒன்றை விற்றார். கேடயம், சிங்கம், கிரீடம் எல்லாம் இருந்தது. 2,800 ரூபாய். எத்தனையோ நாட்டில் தனித்தனியாக முளைத்த ஒரு பெயருக்கு ஒரே சின்னம் எப்படி இருக்கும்? தயவுசெய்து அந்தக் காசை யாரும் கொடுக்காதீர்கள்.

கல் பேசும்

உண்மையான சின்னம் கல்லறைகளில் இருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இது எளிதில் பிடிபடும், ஏனென்றால் நாம் நடுகல் பார்த்து வளர்ந்தவர்கள். எழுத்துத் தேய்ந்துபோன கல்லிலும், காலடியில் மாடு இருந்தால் தொறுப்பூசலில், அதாவது மாடு கவரும் சண்டையில், விழுந்தவன், புலி பாய்ந்தால் புலி குத்திப் பட்டான் என்று சொல்லிவிடுகிறோம். தர்மபுரி அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போய் இதைத்தான் பல வருடம் காட்டிக்கொண்டிருந்தேன்.

யூதக் கல்லறைக் கல்லில் இரண்டு கைகள் விரல் பிரித்துச் செதுக்கியிருந்தால் அங்கே இருப்பவர் கோஹென், ஆசீர்வாதம் சொல்லும் கை அது. கெண்டி மாதிரி மூக்கு வைத்த செம்பு ஒன்று இருந்தால் லேவி. கோஹெனின் கையில் தண்ணீர் ஊற்றும் செம்பு. பெரியவர் தன் பாட்டனாரின் கல்லறைப் படத்தை எனக்குக் காட்டியிருந்தார். மேலே செம்பு, கீழே எழுத்து. பெயர் சீகலாக இருந்தாலும் செம்பு காட்டிக்கொடுத்துவிடுகிறது. எழுத்தில் ‘பென்’ என்றால் மகன், ‘பத்’ என்றால் மகள், அதற்குப் பின்னால் வருவது அப்பா பெயர். அப்பா பெயர் கிடைத்துவிட்டால் ஒரு தலைமுறை ஏறிவிட்டோம். ஜூயிஷ்ஜென் தளத்தில் உலகெங்கும் உள்ள கல்லறைகளின் பதிவும், பலவற்றுக்குப் படமும் இலவசமாகக் கிடைக்கின்றன.

பதிவேடு எங்கே இருக்கும்?

கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரி 9 வரை தர்மபுரி மாவட்டம். தர்மபுரி 1965 அக்டோபர் 2 வரை சேலம் மாவட்டம். எங்கள் தாத்தா ஒரே வீட்டில் இருந்தார். அவர் காலத்து முகவரி சேலம் ஜில்லா, அப்பாவின் நடுவயதில் தர்மபுரி, இப்போது அதே வீடு கிருஷ்ணகிரி. அவர்களைப் பற்றிய காகிதத்தைத் தேடுகிறவர் மூன்று ஊர் அலைய வேண்டும்.

கலீசியாவின் லெம்பெர்க்கும் அப்படித்தான். ஆஸ்திரியா, போலந்து, சோவியத், உக்ரைன் என்று கொடி மாறியது. இப்போது அது லிவிவ். ஆகவே ஓர் ஊர் கிடைத்ததும் அந்த ஊர் அன்று எந்த அரசின் கீழ், எந்த மாவட்டத்தில் இருந்தது என்று முதலில் எழுதுங்கள். பதிவு அந்த அரசின் மொழியில் இருக்கும்.

கப்பல் ஏறியவர்களுக்கு, நியூயார்க்கின் எல்லிஸ் தீவு வழியாக 1892 முதல் 1954 வரை வந்தவர்களின் பட்டியல் இணையத்தில் இருக்கிறது. அங்கே இருந்த அதிகாரிகள் பெயரை வெட்டிக் குறைத்துவிட்டார்கள் என்று பல குடும்பங்கள் சொல்லிக்கொள்வார்கள். அது சரியில்லை. அதிகாரிகள் கையில் இருந்தது கப்பல் புறப்பட்ட துறைமுகத்திலேயே எழுதி வந்த பட்டியல். பெயரைப் பெரும்பாலும் வந்தவர்களே பிற்பாடு மாற்றிக்கொண்டார்கள். வம்சாவளிப் பதிவுகளைத் தேடித் தரும் ஃபேமிலிசர்ச் தளம் இலவசம், கணக்குத் தொடங்கினால் போதும். எருசலேமில் உள்ள யாத் வாஷெம் நினைவகத்தின் பெயர்த் தளத்தையும் பாருங்கள். அது நாஜிக்களால் கொல்லப்பட்டவர்களின் பட்டியல். உறவினர்கள் கையால் எழுதிக் கொடுத்த தாள்கள் அங்கே படமாக இருக்கின்றன. சலோனிகா லேவிகள் என்று தட்டினேன். ஒரே வீட்டில் அப்பா, அம்மா, நான்கு பிள்ளைகள், எல்லோருக்கும் 1943. அன்றைக்கு அதற்கு மேல் தேட முடியவில்லை, எழுந்து போய்விட்டேன். அந்தத் தளத்தைத் திறப்பவர்கள் நிதானமாகத் திறக்க வேண்டும்.

டிஎன்ஏ சோதனை பற்றியும் கேட்கிறார்கள். ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகிறது, பட்டமும் அப்படியே போகிறது. அதனால் அறிவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். 1997-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு, கோஹென்கள் பலரிடம் பொதுவான தந்தைவழி அடையாளம் இருப்பதைக் காட்டியது. லேவியரிடம் அத்தனை ஒற்றுமை இல்லை. ஐரோப்பிய லேவியரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஒரு தனி வகை இருக்கிறது, மற்றவர்களுக்குப் பல வகை என்று 2003-இல் வந்த ஆய்வு சொன்னது. ஆக சோதனை முடிவு மட்டும் ஒருவரை லேவி என்றோ இல்லை என்றோ சொல்லாது. காகிதம் எல்லாம் தீர்ந்த பிறகு யோசித்தால் போதும்.

இந்தியாவில் தேடுபவர்களுக்கு

பெரியவர் கேட்டாரே, கிருஷ்ணகிரியில் யூதர்கள் இருந்தார்களா என்று. இந்திய யூதர்களின் பழைய இருப்பிடங்கள் வேறு. கொச்சியில் பரதேசி ஜெப ஆலயம் 1568-இல் கட்டப்பட்டது. கொங்கண் கரையில் பெனே இஸ்ரேல் மக்கள், மராத்தி வழக்கப்படி ஊர்ப் பெயரோடு ‘கர்’ சேர்த்து, கெஹிம் ஊர்க்காரர் கெஹிம்கர் என்பது போலக் குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்கள். பாக்தாத்திலிருந்து வந்தவர்கள் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வியாபாரம் செய்தார்கள். சென்னை மண்ணடியின் பவளக்காரத் தெரு, பவளம் விற்ற யூத வணிகர்களை நினைவுபடுத்துகிறது. உங்கள் குடும்பக் கதையில் இந்த ஊர்களில் ஒன்று இருந்தால் அங்கே தேடுங்கள். எங்கள் கதையில் எதுவும் இல்லை. எங்கள் பெயர் வேதாகமத்திலிருந்து நேராக வந்தது, ஞானஸ்நானத்தின் வழியாக.

அப்படியானால் ஏன் லேவி? யோவான், தாவீது, சாமுவேல் என்று எத்தனையோ இருக்க, நம் பக்கம் அதிகம் வைக்காத இந்தப் பெயரை ஒரு கிராமத்துக் குடும்பம் ஏன் தேர்ந்தது?

இதற்கு ஒரு முறை உண்டு: ஓர் ஆளைத் தனியாகத் தேடாதீர்கள், கூடப் பிறந்தவர்களைச் சேர்த்துத் தேடுங்கள். எனக்குத் தெரிந்தது சிமியோன் பெரியப்பா ஒருவரைத்தான். கோலார் தங்கவயலுக்குச் சுரங்க வேலைக்குப் போய் அங்கேயே இருந்துவிட்டவர். ஆயா என்று நாங்கள் கூப்பிட்ட பாட்டிக்கு என்ன பெயர் என்று எனக்கும் தெரியாது, என் தங்கைக்கும் தெரியாது. வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

பழைய ஞானஸ்நானப் பதிவேடு வேறொரு மாவட்டத்துச் சபை ஒன்றில் இருப்பதாகத் தெரிந்து, மூன்று முறை போனேன். முதல் இரண்டு முறை பெட்டியைத் திறக்க ஆள் இல்லை. மூன்றாவது முறை திறந்தார்கள். ஓரமெல்லாம் செல்லரித்திருந்தது. நல்லவேளையாக, மை மங்கவில்லை.

1913-இல் ஒரு தம்பதி. ‘முனியன், ஞானஸ்நானப் பெயர் யாக்கோபு. சின்னத்தாயி, ஞானஸ்நானப் பெயர் லேயாள்.’ அடுத்த ஆண்டு அவர்களுக்குப் பிள்ளை, ரூபன். அதே புத்தகத்தின் பின்பக்கத்தில் அடக்கப் பதிவில் அவன் மூன்று வயதில் இறந்தது இருந்தது. இப்படி ஒரு பெரியப்பா இருந்ததை வீட்டில் யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. 1917-இல் சிமியோன். 1921-இல் லேவி.

யாக்கோபுக்கும் லேயாளுக்கும் ரூபன், சிமியோன், லேவி. ஆதியாகமத்தில் இருக்கும் அதே வரிசை. தங்களுக்கு வைத்த பெயருக்கு ஏற்றபடி, அந்தப் பக்கத்தைப் பார்த்துப் பார்த்துப் பிள்ளைகளுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். மூன்றாவது பிள்ளையோடு பதிவேட்டில் அவர்கள் பெயர் நின்றுவிடுகிறது.

அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன். அவள் அச்செடுத்துக்கொண்டு கீழ்த்தளத்துக்குப் போனாளாம். பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தமிழ் எழுத்தில் லேவி எது என்று கேட்டாராம். விரல் வைத்துக் காட்டினாளாம். அதற்கு மேலே இருப்பது என்ன என்றாராம். சிமியோன் என்றாள். அதற்கும் மேலே? அவள் சொல்வதற்கு முன்னால் அவரே ரூபன் என்று சொல்லிவிட்டாராம்.